எஞ்சின் போயி சாரே!

எங்கள் கிளைக்கு வரும் மீனவர் கடன் விண்ணப்பங்களில் 'எதற்காகக் கடன்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: பழைய எஞ்சின் கெட்டுப்போய்விட்டது, புதியது வாங்க வேண்டும். நேரில் கேட்டால் இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள். "எஞ்சின் போயி சாரே."

எப்படிப் போச்சு என்று கேட்டால், "ஓடிக்கொண்டுதான் இருந்தது, திடீரென்று வலிக்குன்னில்ல" என்பார்கள். நம்மாட்கள் கேட்டால் 'வலிக்கலைன்னா நல்லதுதானே' என்று நினைப்பார்கள். மலையாளத்தில் வலிக்கிறது என்றால் இழுக்கிறது. வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, அதுதான் விஷயம். இந்த 'வலிக்குன்னில்ல'வுக்கும் 'போயி'க்கும் நடுவில் எத்தனையோ சங்கதி இருக்கிறது. அதைக் கேட்காமலேயே கடன் கொடுத்துவிடுகிறோம், அவர்களும் வாங்கிவிடுகிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவின் புலம்பல்.

எழுதுகிறவன் பி.காம். என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் கரூர் பக்கம். காவிரியில் பரிசலைத் தவிர வேறு மிதக்கிற வாகனம் எதுவும் பார்க்காமல் வளர்ந்தவன். வங்கி வேலை பாட்னா, ராய்ப்பூர் என்று சுற்ற வைத்துவிட்டு இப்போது திருவனந்தபுரம் மாவட்டக் கடலோரத்தில் கொண்டுவந்து போட்டிருக்கிறது. கடன் கொடுத்த பொருளைப் போய்ப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அப்படிப் போகிற இடங்களில் ஒன்று கடற்கரையை ஒட்டிய ஒரு எஞ்சின் பட்டறை. அங்கே இருக்கும் மெக்கானிக் அண்ணனுக்கு (இந்தப் பக்கம் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நமக்கு வசதி!) முப்பது வருட அனுபவம். கீழே வரும் எஞ்சின் விஷயங்களில் பாதி அவர் வாயால் கேட்டது, மீதி எஞ்சினோடு வரும் கையேடுகளில் படித்தது. கருத்து மட்டும் என்னுடையது.

கேரளக் கடலோரத்தில் வள்ளங்களுக்குப் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் பரவலானது 1980களில். அதற்கு முன்பு துடுப்பும் பாயும்தான். நெய்ந்தகரையில், இல்லை, மன்னிக்க, எழுத்தில் நீண்டகரை, அங்கே 1953-இல் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் படகுகளை எந்திரமயமாக்கப் பார்த்தது. ஆனால் அதன் பலன் பெரும்பாலும் விசைப்படகு பக்கம் போய்விட்டது. சாதாரண வள்ளக்காரனுக்கு உண்மையில் கைகொடுத்தது இந்தத் தொங்கவிடுகிற எஞ்சின்தான். மழைக்காலத்தில் கேரளாவில் 52 நாள் விசைப்படகு இழுவலைக்குத் தடை. ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை. அப்போதும் வள்ளங்கள் போகலாம். ஆக, கடல் மிக மோசமாக இருக்கும் மாதங்களில்தான் இவர்களுக்குச் சம்பாத்தியமும். எஞ்சின் காலை வாருவதற்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது.

முதலப்பொழி என்று ஒரு இடம் இருக்கிறது, பெருமாதுறை பக்கம். காயலும் கடலும் சேரும் வாய். இரண்டு பக்கமும் கல் கட்டி மீன்பிடித் துறைமுகம் ஆக்கியிருக்கிறார்கள். அந்த வாயில் அலை புரளும்போது வள்ளம் கவிழ்ந்து பல உயிர்கள் போயிருக்கின்றன. 2023 ஜூலையில் ஒரே வள்ளத்தில் நான்கு பேர். அதற்கு மணல் படிவது, கல் கட்டிய விதம் என்று ஆயிரம் காரணம் பேசுகிறார்கள், அது தனிக் கதை, எஞ்சின் மேல் பழி போட நான் வரவில்லை. ஆனால் அந்த மாதிரி வாயைக் கடக்கிற ஓரிரண்டு நிமிடம், வள்ளக்காரன் கையில் இருப்பது எஞ்சினின் கைப்பிடி ஒன்றுதான். பின்னால் எழும் அலையை விட வேகமாகப் போக வேண்டும். அந்த நேரத்தில் 'வலிக்குன்னில்ல' என்றால் வள்ளம் பக்கவாட்டில் திரும்பும், அடுத்த அலை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் ஒரு நாள் பிழைப்பு போகும், இன்னொரு வள்ளம் வந்து கட்டி இழுக்கும். பொழி வாயில் நின்றால் அதற்கு நேரமில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அண்ணனிடம் யாராவது 'எஞ்சின் போயி' என்று வந்தால் ஸ்பேனரை எடுக்க மாட்டார். முதல் கேள்வி: "சத்தம் கூடிச்சா, குறைஞ்சதா?" முதலில் இது எனக்கு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரிச் சம்பிரதாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் பாதித் தீர்ப்பு அந்தக் கேள்வியிலேயே வந்துவிடுகிறது.

எஞ்சின் சத்தம் 'வீர்'ரென்று கூடி, வள்ளம் மட்டும் மெதுவானால், எஞ்சின் நல்லாத்தான் இருக்கிறது. அதன் உழைப்பு தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. ப்ரொப்பல்லரின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். பாறையிலோ மரக்கட்டையிலோ அடித்தால் கியர் உடையாமல் இருக்கட்டும் என்று வைத்தது. அது வயதாகிப் பிடி விட்டால் தண்டு சுற்றும், இறக்கை சுற்றாது, அல்லது அரைகுறையாகச் சுற்றும். சின்ன எஞ்சின்களில் புஷ்ஷுக்குப் பதில் ஒரு பின் இருக்கும், அது ஒடிந்தாலும் இதே கதைதான். புஷ் நழுவினால் மெதுவாக, கால்வாசி வேகத்தில் ஓட்டிக் கரைக்கு வந்துவிடலாம். இந்த வகைக் கோளாறுக்கு எஞ்சினையே மாற்றுவது, செருப்பு அறுந்ததற்குக் காலை மாற்றுகிற கதை.

சத்தமும் சேர்ந்து குறைந்தால்தான் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் காலைத் தூக்கி, அதாவது எஞ்சினைச் சாய்த்து, ப்ரொப்பல்லரில் வலைத்துண்டோ நைலான் கயிறோ சுற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நம் கடலில் இப்போது மீனுக்குப் போட்டியாக அதுதான் மிதக்கிறது.

இரண்டாவது கேள்வி, எப்படிக் குறைந்தது? சுவிட்சை அணைத்த மாதிரி 'டக்'கென்று போனதா, இல்லை மூச்சு வாங்கி, இருமி, ஒரு தடவை எழும்பி, மறுபடி விழுந்து அப்படிப் போனதா? டக்கென்று போனால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். இருமிப் போனால் எரிபொருள் பக்கம். ஒரே அளவில் பாதியாகக் குறைந்து, உடம்பெல்லாம் நடுங்க ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டு சிலிண்டரில் ஒன்று வேலை நிறுத்தம். இங்கே ஓடுகிற பழைய 9.9 எச்.பி, 25, 40 எச்.பி எஞ்சின்கள் பெரும்பாலும் இரட்டை சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக். ஒரு சிலிண்டர் படுத்தாலும் மற்றது இழுக்கும். அதனால்தான் நிற்காமல் 'வலிக்காமல்' ஓடுகிறது.

எரிபொருள் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பட்டறையில் நான் பார்த்த வரை அதிகம் மாட்டுவது அங்கேதான்.

டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவில் கைக்குள் அடங்குகிற ரப்பர் பல்பு ஒன்று இருக்கும். ஸ்டார்ட் பண்ணும் முன் அமுக்கி எண்ணெயை ஏற்றுவதற்காக. அது ஒரு நல்ல சாட்சியும் கூட. எஞ்சின் துவளும்போது ஒருவர் அந்தப் பல்பை விட்டு விட்டு அமுக்க வேண்டும். எஞ்சின் உடனே நிமிர்ந்து இழுத்தால், எண்ணெய் போதுமான அளவு வந்து சேரவில்லை என்று அர்த்தம். குற்றவாளி டாங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில்தான் எங்கேயோ இருக்கிறான். அமுக்கியும் மாற்றமே இல்லையென்றால் கார்புரேட்டருக்கு உள்ளேயோ, மின்சாரத்திலோ, அதையும் தாண்டியோ.

பல்பு எப்படி இருக்கிறது என்பதும் சாட்சிதான். உள்ளே உறிஞ்சிக்கொண்டு தட்டையாகக் கிடந்தால் டாங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை திருகு மூடியிருக்கிறது, இல்லை உப்பு அடைத்திருக்கிறது. எண்ணெய் வெளியே போகப் போக உள்ளே காற்று வர வழியில்லை. அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு துவண்டு, நிறுத்தி வைத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகி, மறுபடி அரை மணியில் துவளும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம் வரும். செலவு: பூஜ்ஜியம் ரூபாய். இந்தப் பூஜ்ஜியம் ரூபாய் கோளாறோடு எத்தனை பேர் கடன் கேட்டு வந்திருப்பார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பல்பு எத்தனை அமுக்கினாலும் கெட்டிப்படாமல் தொளதொளவென்று இருந்தால், எங்கேயோ காற்று இழுக்கிறது. எஞ்சினில் மாட்டும் இணைப்பானுக்குள் ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கும். அது வெடித்திருக்கலாம். காற்று உள்ளே போகுமே தவிர எண்ணெய் வெளியே கசியாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. குழாயின் உள் அடுக்கு பிய்ந்து, வெளியில் பார்க்கப் புதுசு மாதிரி இருந்துகொண்டு, எஞ்சின் வேகமாக உறிஞ்சும்போது மட்டும் உள்ளே மடிந்து அடைப்பதும் உண்டு. மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. முழுக்க முறுக்கினால் காலை வாரும். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்ப்பில் டயஃப்ரம் என்று மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் அடிப்பெட்டியில் அழுத்தம் ஏறி இறங்குவதை வைத்தே அந்தச் சவ்வு துடித்து எண்ணெயை ஏற்றும். இருதயம் மாதிரி. அதில் ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் முழு வேகத்துக்கு எண்ணெய் காணாது. இதெல்லாம் சில நூறு ரூபாயில் முடிகிற சாமான்கள்.

இங்கே மண்ணெண்ணெய் என்று ஒரு தனி அத்தியாயம். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பி, நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிக் கார்புரேட்டரைக் கழுவிவிட்டு அணைக்க வேண்டும். அதுதான் முறை. சூடாகும் முன் திருப்பினால் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும், வலிக்காது. வலை விட்டுவிட்டு ரொம்ப நேரம் மெதுவாகவே மண்ணெண்ணெயில் ஓட்டினாலும் அதே கதி. பெட்ரோலை மிச்சம் பிடிக்க இந்த இரண்டையும் செய்கிறார்கள். ஏன் செய்கிறார்கள் என்று கோபப்படவும் முடியவில்லை. மத்திய அரசு மண்ணெண்ணெய் மானியத்தை நிறுத்தியாயிற்று. 2022-இல் கேரளாவில் விலை லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டியது. மாநில அரசு மத்ஸ்யஃபெட் வழியாகக் கொடுக்கும் மானியத்தை வைத்துக் கொஞ்சம் சமாளிக்கிறார்கள், மீதிக்கு வெளியில் வாங்குகிறார்கள். வெளியில் வாங்கும் எண்ணெயில் எண்ணெய் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதை எஞ்சின்தான் சொல்லும், அதுவும் நடுக்கடலில்.

அப்புறம் சிலர், போங்கடா என்று, பெட்ரோலுக்கே மாறிவிட்டார்கள். அங்கே காத்திருப்பது எத்தனால். 2022-இல் பெட்ரோலில் 10 சதவீதம் கலந்தாயிற்று, 2023-இல் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்தது, இப்போது பங்க்கில் கிடைப்பதே பெரும்பாலும் அந்த இ20-தான். நிலத்தில் ஓடும் வண்டிகளுக்கு அது நல்லதா கெட்டதா என்று தொலைக்காட்சியில் கூட்டம் கூட்டமாகச் சண்டை போடுகிறார்கள். கடலில் ஓடும் பழைய எஞ்சினைப் பற்றி ஒருத்தர் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. அவுட்போர்டு எஞ்சின் கையேடுகள் பலவற்றில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. காரணம் சுலபமானது. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் ஆசை. கடல் காற்றில், பாதி காலியான டாங்கில், காற்றுத் துளை திறந்தபடி வாரக்கணக்கில் கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் போய் உட்காரும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்னொரு ஆபத்து. நாம் கலந்து ஊற்றிய ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். கீழே போன சரக்கில் வழவழப்பு இருக்காது. வலிக்காமல் போவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம், பிஸ்டன் பிடித்துக்கொண்டால் அன்றைக்கு உண்மையாகவே 'போயி'. பழைய ரப்பர் குழாய்களையும் டயஃப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுப்பது வேறு. தெளிவான கண்ணாடிக் குடுவையில் டாங்கின் அடிச் சரக்கைக் கொஞ்சம் பிடித்து அரை மணி வைத்துப் பார்த்தால் இரண்டு அடுக்காகத் தெரிந்துவிடும். மண்ணெண்ணெயில் தண்ணீர் இருந்தாலும் அதே குடுவை காட்டிக்கொடுக்கும்.

மின்சாரப் பக்கத்தில் ஒரு தந்திரக்காரன் இருக்கிறான்: சூட்டில் மட்டும் கெட்டுப்போகும் காயில். காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், அரை மணி ஓடும், சூடேறியதும் ஒரு சிலிண்டரில் தீப்பொறி நின்றுவிடும், ஆறினால் மறுபடி நல்ல பிள்ளை. காற்றுத் துளை அடைப்பும் இதே மாதிரி நடிக்கும் என்று மேலே சொன்னேனே, எப்படிப் பிரித்தறிவது? பல்பை அமுக்குங்கள். நிமிர்ந்தால் எண்ணெய், நிமிராவிட்டால் காயில். பட்டறைக்குக் கொண்டுவரும்போது எஞ்சின் ஆறியிருக்கும் என்பதால் அங்கே எல்லாம் சரியாக ஓடும், "ஒண்ணுமில்லையே" என்று திருப்பி அனுப்புவார்கள், மறுநாள் கடலில் படுக்கும். இப்படி இரண்டு தடவை நடந்தால் எந்த மனிதனும் புது எஞ்சினுக்கு மனு எழுதத்தான் செய்வான். அதனால்தான் 'எவ்வளவு நேரம் ஓடி நின்றது' என்ற தகவல் காயிலை விட விலை உயர்ந்தது. கடலில் செய்ய முடிந்தது பிளக் மாற்றுவது. கழற்றிய பிளக்கின் மூக்கு காப்பிக் கலரில் இருந்தால் ஆரோக்கியம், கறுப்பாக ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை அல்லது எண்ணெய் அதிகம், வெளுத்திருந்தால் எண்ணெய் குறைவு, சூடு அதிகம். வயரைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று ஓடுகிற எஞ்சினில் ஈரக் கையை வைப்பதெல்லாம் வேண்டாம்.

தண்ணீர் சுற்றுகிறதா என்பதற்குப் பின்னால் பீச்சும் அந்தச் சின்ன ஓட்டைதான் அடையாளம். அது நின்றுபோனால் உடனே அணைக்க வேண்டும். கீழே இருக்கும் ரப்பர் இம்பெல்லர்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. மணல் கலந்த தண்ணீர் அதைத் தின்றுவிடும். நம் கரைகளில் மணலில் தள்ளித்தான் வள்ளத்தை இறக்குகிறோம், ஏற்றுகிறோம். வருடத்துக்கு ஒன்று மாற்றுவது நல்லது. பழைய எஞ்சின்களில் பலவற்றுக்கு அபாய மணி கிடையாது. சூடேறினால் இறுகி மெதுவாகும், அதுதான் அதன் மணி. அப்போது இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்ப்பது நம் சுபாவம் :-)

இத்தனையும் பார்த்து ஒன்றும் தேறவில்லை என்றால்தான் கம்ப்ரஷன். பிளக் துளையில் ஒரு மீட்டரைத் திருகிக் கயிற்றை நாலைந்து தடவை இழுத்தால் எண் வரும். இரண்டு சிலிண்டருக்கும் எண் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாக இறங்கியிருந்தால் ரிங், கேஸ்கெட், பிஸ்டன் என்று பெரிய செலவு. இரண்டும் தேய்ந்து இறங்கியிருந்தால், ஆமாம், போயிதான்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். வணிகவியல் படித்தவனுக்குத் தேய்மானம் என்றால் உயிர். ஒரு எஞ்சினை வாங்கிய நாளிலிருந்து வருடா வருடம் கழித்துக்கொண்டே வந்து, சில வருடத்தில் புத்தகத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவோம். புத்தகத்தில் ஒன்றுமில்லாத எஞ்சின், கடலில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும். அதை மறுபடி நிமிர்த்த எட்டாயிரம் ரூபாய் கேட்டால் வங்கியில் அதற்குப் பெயரே இல்லை. புதிய எஞ்சினுக்கு லட்சக்கணக்கில் கேட்டால் பெயர் உண்டு, படிவம் உண்டு, விலைப்பட்டியல் உண்டு, அடமானமாகக் காட்ட ஒரு பளபளப்பான பொருளும் உண்டு. எனக்கும் இலக்கு எட்டும். சின்னக் கடனுக்கும் பெரிய கடனுக்கும் எனக்கு வேலை ஒன்றுதான், கணக்கில் ஏறும் தொகைதான் வேறு. சீட்டின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் எதைத் தள்ளிவிடப் பார்ப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

வங்கியில் கிடைக்காத எட்டாயிரம் எங்கே கிடைக்கும்? மீனை ஏலம் எடுக்கும் தரகரிடம். கேட்ட நிமிடம் கொடுப்பார். பதிலுக்கு அந்த வள்ளத்தின் மீன் முழுக்க அவர் சொல்கிற விலைக்கு அவர் கைக்குப் போக வேண்டும். வட்டி என்று தனியாக ஒன்றும் எழுத மாட்டார்கள், அது மீன் விலையிலேயே ஒளிந்திருக்கும். மத்தி நன்றாகக் கிடைக்கிற பருவத்தில் அந்த எட்டாயிரத்தின் உண்மையான விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். இதைத் தவிர்க்கத்தான் பலர் 'ஒரேயடியாகப் புதுசே வாங்கிவிடுவோம்' என்று எங்களிடம் வருகிறார்கள். முட்டாள்தனம் அல்ல. அவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு அது ஒன்றுதான்.

கிசான் கிரெடிட் கார்டு 2018-19 பட்ஜெட்டில் மீனவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையும் வந்தது. எரிபொருள், ஐஸ், கூலி, துறைமுகக் கட்டணம் என்று கடலுக்குப் போகிற நடைமுறைச் செலவுகளுக்காக. 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் திரும்பக் கிடைத்து 4 ஆகும். எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மாவட்ட அளவில் ஒரு தொழில்நுட்பக் குழு உட்கார்ந்து நிர்ணயிக்கிறது. என் கோரிக்கை இந்த இடத்தில்தான். அந்தக் கணக்கில் வருடாந்திர எஞ்சின் பராமரிப்பு என்று ஒரு தனி வரி சேர்த்துவிடுங்கள். இம்பெல்லர், பம்ப் டயஃப்ரம், குழாய், பல்பு, பிளக், ஒரு காயில், மெக்கானிக் கூலி. ட்ராக்டருக்கும் மோட்டார் பம்ப்புக்கும் விவசாயி கார்டில் பராமரிப்புச் செலவு ஒத்துக்கொள்கிறோம், வள்ளக்காரன் எஞ்சின் என்ன பாவம் செய்தது?

இன்னொன்று. புது எஞ்சினுக்கான விண்ணப்பத்தோடு ஒரு காகிதம் கேட்போம்: பழைய எஞ்சினின் இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷன் எண், எந்தச் சூழ்நிலையில் வலிக்காமல் போனது என்று மெக்கானிக் எழுதிய நாலு வரி. வீடு வாங்கக் கடன் கேட்டால் வக்கீல் கருத்து, எஞ்சினியர் மதிப்பீடு என்று ஒரு கட்டுக் காகிதம் கேட்கிற நாம் இதற்கு மட்டும் கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியலோடு திருப்தி அடைகிறோம். (கடைக்காரர் பழைய எஞ்சினைப் பற்றி என்ன கருத்து வைத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.)

எங்கள் அலுவலகத்திலேயே ஒருத்தர் இதற்கு மறுப்புச் சொன்னார். பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய் குடிக்கும், புகை கக்கும், ஒட்டுப்போட்டு ஓட்டுவதற்குப் பதில் நான்கு ஸ்ட்ரோக் வாங்கினால் எரிபொருளிலேயே காசு திரும்பிவிடும் என்று. பாதி உண்மை. வருடம் முழுக்க நிறைய மணி நேரம் ஓட்டுகிற பெரிய வள்ளத்துக்கு, பல பங்காளிகள் சேர்ந்து போடும் முதலுக்கு, அந்தக் கணக்கு சரியாக வரும். நானே கொடுக்கச் சொல்வேன். இரண்டு பேர் போகிற சின்ன வள்ளத்துக்கு, வருடத்தில் பாதி நாள் எச்சரிக்கை அறிவிப்பில் கரையில் கிடக்கிற எஞ்சினுக்கு, மாதத் தவணை மட்டும் கரையில் கிடப்பதில்லை. தவிர, நான்கு ஸ்ட்ரோக்குக்கும் டாங்க் மூடியில் காற்றுத் துளை உண்டு, குழாய் உண்டு, ஓ-ரிங் உண்டு. பழைய குழாயையும் பழைய டாங்கையும் அப்படியே புது எஞ்சினில் மாட்டி, ஒரே வாரத்தில் 'புதுசும் வலிக்குன்னில்ல' என்று வந்த வள்ளத்தை அண்ணனின் பட்டறையில் நான் பார்த்திருக்கிறேன். ஓ-ரிங்தான். அதை மாற்றியதற்கு அண்ணன் கூலி வாங்கவில்லை, ஒரு சாயா வாங்கிக் கொடுக்கச் சொன்னார். தவணை மட்டும் இன்னும் பல மாதம் பாக்கி இருக்கிறது.

பாகம் கிடைக்காத எஞ்சின்கள் வேறு கதை. எவின்ரூட் என்று ஒரு காலத்தில் எல்லாக் கரையிலும் பேச்சு அடிபட்ட பெயர், 2020-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்டதை வைத்துக்கொண்டு கட்டிப்பிடித்து அழ வேண்டாம். மாற்றத்தான் வேண்டும்.

மாவட்டக் குழுவுக்கு மேலே சொன்ன பராமரிப்பு வரியை எழுத்தில் அனுப்ப வரைவு தயார் செய்து வைத்திருக்கிறேன். மேலதிகாரி கையெழுத்துக்குப் போயிருக்கிறது. அது வருவதற்குள் இதைப் படிக்கிற யாருக்காவது கடலோரத்தில் சொந்தபந்தம் இருந்தால் இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: வள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் இரண்டு புது பிளக், பிளக் சாவி, ஒரு பம்ப் டயஃப்ரம், இரண்டு ஓ-ரிங், ப்ரொப்பல்லர் பின் இருக்கிற எஞ்சினாக இருந்தால் இரண்டு பின், கவ்வியோடு ஒரு அடி குழாய், ஸ்டார்ட்டர் கயிறு ஒன்று உபரியாக. அண்ணன் கணக்கில் ஒரு ட்ரிப்பு மீனில் இதற்கான காசு வந்துவிடும். டப்பாவின் மூடி இறுக மூடுகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள், உப்புத்தண்ணீர் அதற்குள்ளும் போகும்.